ஏழாவது பாட்டில்

தம்பி, கோவிச்சுக்கிடாதிய, அந்தத் தண்ணி பாட்டிலக் கொஞ்சம் நிமித்தி வச்சிருங்க. ஆமா, சீட்டுல படுத்துக் கெடக்குல்லா, அதத்தான். மூடி நல்லாத்தான் இருக்கு, ஒழுகல. அதுக்குச் சொல்லல. படுத்துக் கெடக்க பாட்டிலப் பாத்தா எனக்கு ஒரு மாதிரி ஆயிரும். வீட்டுல பிரிட்ஜுக்குள்ள கூட எம் பொஞ்சாதி படுக்க வைக்க மாட்டா. சிரிச்சுக்கிடுங்க, பரவால்ல. ஆ, நிமித்திட்டிய, ரொம்ப சந்தோசம்.

திருநெல்வேலிக்கா? நானும் அங்கதான். உவரியில இருந்து வாரேன். கோயிலுக்குப் போகல. ஒரு பையனப் பாக்கப் போனேன். பாத்தாச்சு, பாத்துட்டுத்தான் வாரேன். இந்தப் பையில கருவாடு இருக்கு, வாடை அடிக்கோ? அவன் அம்மை குடுத்து விட்டா. வேண்டாம்னு எத்தன தடவ சொல்ல? மடியில வச்சுட்டா. வேணும்னா கால்மாட்டுல தள்ளி வச்சுக்கிடுதேன்.

நான் காலேஜ்ல மார்க்கர். மார்க்கர்னா எல்லாருக்கும் தெரியாது. விளையாட்டுத் துறையில வேல. கிரவுண்டுல சுண்ணாம்புக் கோடு போடணும், வலை கட்டணும், பந்துக்குக் காத்தடிக்கணும், ஜெர்சிய எண்ணி வைக்கணும், பிள்ளையளுக்குத் தண்ணி கொண்டு போகணும். இருபத்தாறு வருசமாச்சு. பேரு தவசிமுத்து. காலேஜ்ல வந்து தவசிமுத்துன்னு கேட்டீங்கன்னா யாருக்கும் தெரியாது, மார்க்கரண்ணேன்னு கேட்டா பிரின்சிபால் வரைக்கும் கை காட்டுவாவ.

ஆனா ஒண்ணு சொல்லுதேன். எங்க காலேஜ் புட்பால் டீம நடத்துனது நாந்தான். பெருமைக்குச் சொல்லல. பழைய டைரக்டர் சாருக்கு வாலிபால் மட்டுந்தான் தெரியும். புட்பால் மேட்ச்னா வேப்பமரத்தடியில நாற்காலியப் போட்டு உக்காந்துக்கிடுவாரு. "தவசிமுத்து, பாத்துக்கோ"ம்பாரு. நான் பாத்துக்கிடுவேன். கோட்டுக்கு வெளியில நின்னு மேல ஓடுவேன், கீழ ஓடுவேன், "லேய் ஏறு, லேய் நில்லு, அவன விடாத"ன்னு தொண்ட கட்டுத வரைக்கும் கத்துவேன். மறுநாள் பேச்சு வராது. வீட்டுல சைகையிலதான் சாப்பாடு கேப்பேன். ஜெயிச்சா போட்டோவுல டைரக்டர் சார் நடுவுல உக்காருவாரு. நான் பந்துப் பையோட ஓரத்துல நிப்பேன். அதுல எனக்கு ஒரு வருத்தமும் கெடையாது, பாத்துக்கிடுங்க. யாரு ஆட வச்சான்னு ஆடுனவனுக்குத் தெரியும்லா, அது போதும்.

இன்னாசின்னு சொன்னேன்லா... சொல்லலையா? நான் பாத்துட்டு வாரேன்லா, அந்தப் பையன். உவரிப் பையன். இன்னாசிங்கது அவுக தாத்தா பேரு. மூணு வருசத்துக்கு முந்தி செலக்சனுக்கு வந்து நின்னான். மணல்ல ஆடிப் பழகின காலு. மத்தவன்லாம் நாக்கத் தள்ளிக்கிட்டு நிக்கையில இவன் மூச்சே வாங்காம வேடிக்க பாத்துக்கிட்டு நின்னான். இடது கால்ல அப்படி ஒரு உதை. நான் டைரக்டர் சார்ட்ட போயி, சார், இவன விட்டுறாதிய, லெஃப்ட் பேக்குக்கு, இடதோரம் காத்து நிக்கதுக்கு, இனிமே ஆளு தேட வேண்டாம்னு சொன்னேன். அவரு கையெழுத்துப் போட்டாரு.

காலு இருந்துச்சு, ஆனா யோசன கெடையாது. அப்படித்தான் நான் நெனச்சேன். எப்ப முன்னால ஏறணும், எப்ப பின்னால நிக்கணும், ஒண்ணுந் தெரியாது. நாஞ் சொல்லுவேன், செய்வான். ஏறுன்னா ஏறுவான், நில்லுன்னா நிப்பான். ஒரு தடவ கூட ஏன்னு கேட்டது கெடையாது. எம் பிள்ள ரெண்டும் நாஞ் சொன்னத ஒருநாளும் கேட்டதில்ல தம்பி. இவன் கேட்டான்.

அவன் அம்மை வருசத்துக்கு ஒரு தடவ காலேஜுக்கு வருவா. பிரின்சிபாலப் பாக்க மாட்டா, எங்கிட்டத்தான் வருவா. அவ கூடப்பொறந்த அண்ணன் கடலுக்குப் போயித் திரும்பல. புருசன் இன்னமும் போயிக்கிட்டு இருக்காரு. "அண்ணே, இவன் மட்டும் கடலுக்குப் போகப்படாது. நீங்கதான் இவனக் கரையேத்தணும்"னு என் கையப் புடிச்சிக்கிட்டுச் சொன்னா. யுனிவர்சிட்டி டீம்ல எடம் கெடச்சிட்டா ரயில்வேயில, போலீஸ்ல விளையாட்டுக் கோட்டாவுல எடுப்பாவ. அதுக்கு நான் பொறுப்புன்னு சொல்லிட்டேன். சொல்லிட்டேன் தம்பி.

போன வருசம் டைரக்டர் சார் ரிட்டயர் ஆயிட்டாரு. புட்பாலுக்குன்னு தனியா கோச் போட்டாவ, நவநீதன்னு பேரு. முப்பது வயசு இருக்கும். கழுத்துல விசிலு, கையில பலகை. பலகையில காந்தத்த ஒட்டி ஒட்டிக் காட்டுவாரு. மரியாதையான ஆளுதான், இல்லங்கல. என்னிய அண்ணேன்னுதான் கூப்பிடுவாரு. அவரு வந்த ரெண்டாவது மாசம் யுனிவர்சிட்டியில இருந்து அந்தச் சர்க்குலர் வந்துச்சு.

எனக்கு மனப்பாடம். சொல்லட்டா? "அணிப் பட்டியலில் பயிற்சியாளர் எனப் பதிவு செய்யப்படாத எந்த ஊழியரும், பயிற்சியின்போதோ போட்டியின்போதோ ஆட்டக்காரர்களுக்கு ஆலோசனை வழங்கக் கூடாது. மீறினால் அணி போட்டியிலிருந்து நீக்கப்படும்." எனக்குன்னே எழுதுன மாதிரி, எம் பேரு மட்டுந்தான் அதுல இல்ல. வேற ஏதோ காலேஜ்ல கோச் ஒண்ணு சொல்லி, வேன் டிரைவர் ஒண்ணு சொல்லி, பையன் எதக் கேக்கன்னு தெரியாம நின்னு முட்டிய ஒடச்சிக்கிட்டானாம். அதுக்காகக் கொண்டு வந்த ரூலாம். வேன் டிரைவர் செஞ்சதுக்கு மார்க்கர் என்ன பண்ணுவான், நீங்களே சொல்லுங்க.

கோச் என்னியத் தனியாக் கூப்பிட்டு உக்கார வச்சாரு. "அண்ணே, கோடு போடுங்க, வலை கட்டுங்க, தண்ணி குடுங்க. ஆட்டத்த மட்டும் எங்கிட்ட விட்டுருங்க. ரூலுக்காக மட்டும் சொல்லல. இன்னாசி ஒவ்வொரு தடவையும் பந்து வாரதுக்கு முன்ன உங்களத் திரும்பிப் பாக்கான். கவனிச்சிருக்கீங்களா?"

கவனிக்காம இருப்பனா? அதுலதான எனக்குச் சந்தோசமே. அத நான் அவருகிட்டச் சொல்லல. "சரி சார்"னு எந்திரிச்சு வந்துட்டேன். வந்து பந்து ரூமுக்குள்ள கதவச் சாத்திக்கிட்டேன். பன்னெண்டு பந்துக்குக் காத்தடிச்சேன். அடிக்க வேண்டியது நாலுதான்.

மொத ரெண்டு மேட்ச் இன்னாசி ஆடுனதப் பாக்க முடியல. பந்து வரும், என்னியப் பாப்பான், நான் தரையப் பாத்துக்கிட்டு நிப்பேன். அதுக்குள்ள பந்து போயிரும். பாத்தீங்களா சார், பாத்தீங்களான்னு கோச்ச உலுக்கணும்போல இருந்துச்சு. அந்த மனுசன் அசையல. "பரவால்ல இன்னாசி, அடுத்தது பாத்துக்கலாம்"னு கைதட்டுதாரு. தோக்குத டீமுக்குக் கை தட்டுத கோச்ச அன்னைக்குத்தான் பாத்தேன்.

மூணாவது மேட்ச்சுல ஒண்ணு நடந்துச்சு. நடுவுல பந்து சிக்கிக் கெடக்கு. யாரும் ஒண்ணும் சொல்லல. இவன் திடீர்னு எடத்த விட்டுக் கெளம்பி ஓரமா ஓடுனான் பாருங்க, நாலு பேரத் தாண்டி ஓடி, உள்ள தூக்கிக் குடுத்தான். கோல். ஆட்டம் முடிஞ்சு சிரிச்சிக்கிட்டே தண்ணி குடிக்க வாரான். "லே, யாரு சொல்லி ஏறுன?"ன்னு கேட்டேன். "யாரும் சொல்லலண்ணே, சும்மா தோணுச்சு"ங்கான். எனக்கு எப்படி இருந்திருக்கும் தம்பி? சந்தோசம்னுதான நெனைப்பிய? பயம். இன்னைக்குத் தோணுச்சு, நாளைக்குத் தோணலன்னா? ஏறி வந்துட்டான், பின்னால யாரு இருக்கா? அவன் அம்மைக்கு வாக்குக் குடுத்தது கோச்சா, நானா?

அப்பத்தான் பாட்டில் யோசன வந்துச்சு.

ரூல்ல என்ன இருக்கு? ஆலோசனை வழங்கக் கூடாது. சரி, வழங்கல. தண்ணி வைக்கப்படாதுன்னு இருக்கா? இல்லைல்லா. கோட்டோரமா ஆறு பாட்டில் வரிசையா வைப்பேன். அது எப்படி நிக்கி, எப்படி கெடக்குங்கதுல சேதி. மொத்தம் பன்னெண்டு சேதி, எல்லாத்தையும் சொன்னா கொழம்பிருவிய. மொத பாட்டில் மட்டும் ஞாபகம் வச்சுக்கிடுங்க. அது நிமிந்து நின்னா, அங்கனயே நில்லு. படுத்துக் கெடந்தா, ஏறு. அவ்வளவுதான்.

இன்னாசி ரெண்டே நாள்ல படிச்சிட்டான். இங்கிலீஷ் பேப்பர் ரெண்டு வருசமாப் பாஸ் பண்ணாத பையன், பன்னெண்டையும் ரெண்டு நாள்ல சொல்லுதான். ஒரு தடவ மட்டும் கேட்டான். "அண்ணே, கோச் சார்ட்ட சொல்லணுமா?" "அவருக்கு எதுக்குலே, அவருக்கு ஆயிரம் வேல"ன்னேன். சரின்னுட்டான்.

நாலு மேட்ச். நாலுலயும் ஜெயிச்சோம். ஹாஃப் டைம் முடிஞ்சு பக்கம் மாறும்லா, இவன் எதிர்ப்பக்கம் போயிருவான். நானும் பாட்டில் கூடையத் தூக்கிக்கிட்டு எதிர்ப்பக்கம் போயிருவேன். குனிஞ்சு ஒரு பாட்டில எடுத்து வைக்கேன், எழுபது கெஜத்துக்கு அந்தப் பக்கம் கோச்சுக்கு என்ன தெரியும்? டீம் பிள்ளையளும் குடிச்சிட்டு, நாஞ் சொன்னபடி, வச்ச எடத்துல வச்சபடி வைக்கும். "இன்னாசி நல்லாத் தேறிட்டான்ணே"ன்னு கோச்சு எங்கிட்டயே வந்து சொல்லுதாரு. "எல்லாம் நீங்க சொல்லிக் குடுத்ததுதான சார்"னேன். உள்ளுக்குள்ள அப்படி ஒரு சிரிப்பு எனக்கு.

பைனல் வந்துச்சு. வெளியூர் கிரவுண்டு. யுனிவர்சிட்டி டீமுக்கு ஆளு எடுக்க மூணு பேரு கேலரியில நோட்டோட உக்காந்திருக்காவ. இன்னாசி அம்மையும் வந்திருந்தா. அவளுக்குப் புட்பால் தெரியாது, ஜெபமாலைய உருட்டிக்கிட்டு இருந்தா. மொத பாதி கோல் இல்ல. ரெண்டாம் பாதி, நான் கூடையோட எதிர்ப்பக்கம் போயாச்சு. ஆறு பாட்டிலும் நிமித்தி வச்சாச்சு. பாட்டில மாத்த ஒரு தடவ குனிஞ்சேன், ரெண்டாந் தடவ குனிஞ்சேன். அந்தப் பக்க லைன்ஸ்மேன் கொடியோட வந்து நின்னான். "நீங்க யாரு, கோச்சா?" "இல்ல சார், மார்க்கர்." "அப்ப அந்தா கட்டியிருக்க கயித்துக்குப் பின்னால போங்க. இன்னொரு தடவ கோட்டுக்கிட்ட வந்தா ரிப்போர்ட் எழுதிருவேன். உங்க டீம் வெளிய போயிரும்."

போயிட்டேன். பாட்டில் ஆறும் நிக்கி. நான் கயித்துக்குப் பின்னால. பரவால்ல, நிக்கட்டும், அவனும் நிக்கட்டும், டிராவுல போனாலும் பெனால்டி இருக்குன்னு நெனச்சேன். அஞ்சு நிமிசம் பாக்கி.

யாருக்கோ கால்ல அடிபட்டு ஆட்டத்த நிறுத்துனாவ. எதிர் டீம் பையன் ஒருத்தன், இன்னாசிக்கு எதுக்க ஆடுதவன், நெட்டப் பய, நடந்து வந்தான். நேரா மொத பாட்டில எடுத்தான். வாயில ஊத்துனான், தலையில ஊத்துனான். ஊத்திட்டு கீழ போட்டான். சும்மாப் போட்டான் தம்பி, நம்ம எல்லாரும் போடுத மாதிரி. அது உருண்டு படுத்துட்டு.

விசில் ஊதியாச்சு. பந்து நடுவுல வருது. இன்னாசி பாட்டிலப் பாத்தான். ஏறு. ஆனா அவனுக்குச் சந்தேகம். அண்ணன் கயித்துக்குப் பின்னால நிக்காரே, யாரு படுக்க வச்சா? பாட்டில விட்டுட்டு என்னியப் பாத்தான். நேரா என் கண்ணப் பாத்தான். இந்தா நீங்க இருக்கீங்கல்லா, இதவிடக் கொஞ்சந்தான் தூரம். அங்கன இருந்து கோச்சு "இன்னாசி, பந்தப் பாரு, பந்தப் பாரு"ன்னு கத்துதாரு. நில்லுலேன்னு நான் ஒரு வார்த்த சொன்னாப் போதும். கையக் காட்டுனாக் கூடப் போதும். லைன்ஸ்மேன் எம் பக்கத்துல, என் வாயவே பாத்துக்கிட்டு நிக்கான்.

நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். வலப்பக்கம் ஒரு பனைமரம் நின்னுது. அதப் பாத்தேன்.

அவன் ஏறிட்டான். பந்து அவன் தலைக்கு மேல போச்சு. அந்த நெட்டப் பய தனியாப் போனான். கேலரியில சத்தம் வந்துச்சு, நான் திரும்பிப் பாக்கல. பாக்காமலே தெரிஞ்சிட்டு.

ரூலு தம்பி. அந்த ரூலு மட்டும் இல்லன்னா நான் கத்திருப்பேன்லா. ரெண்டு வருசம் அவனுக்காகக் கத்துனவன். அன்னைக்குக் கத்திருந்தா அவன் இன்னைக்கு ரயில்வேயில இருப்பான். இதத்தான் நான் எல்லார்ட்டயும் சொல்லுதேன், யாரும் கேக்க மாட்டேங்காவ.

ரூமுக்குள்ள வந்து கோச்சு கேட்டாரு, சத்தம் போடாம. "என்னத்தப் பாத்த இன்னாசி?" இவன் தலையக் குனிஞ்சுக்கிட்டு, "வெயிலு சார், கண்ணு கூசிட்டு"ன்னான். நான் அங்கனதான் ஜெர்சி எண்ணிக்கிட்டு இருந்தேன். பதினாறு இருக்கணும். எண்ணுதேன், எண்ணுதேன், வரவே மாட்டேங்கு. நான் வாயத் தொறந்திருக்கலாம்னு நினைப்பிய. எப்படித் தொறக்க? டீம் மேல நடவடிக்கை வந்திரும்லா. எனக்காகன்னு நெனைக்காதிய. ரிட்டயராக ரெண்டு வருசந்தான் இருக்குங்கது வேற விசயம்.

அந்த மூணு பேரும் நோட்டுல என்ன எழுதுனாவன்னு கோச்சு போயிக் கேட்டுட்டு வந்தாரு. ரொம்ப மன்றாடிப் பாத்திருக்காரு. "காலு நல்ல காலு. பந்தப் பாக்காம வெளிய பாக்கான். எடுக்க முடியாது." அவ்வளவுதான் எழுதியிருந்தாவளாம்.

அதுக்குப் பொறவு இன்னாசி காலேஜுக்கு வரல. இன்னைக்கு ரன்னர்ஸ் சர்டிபிகேட்ட எடுத்துக்கிட்டு நான் போனேன். கோச்சு தான் போறேன்னாரு. இல்ல சார், நான் போறேன்னு வாங்கிக்கிட்டேன். கடக்கரையில, வீட்டு வாசல்ல, வலைக்குள்ள கெடந்த நண்ட எடுத்துக்கிட்டு இருந்தான். கறுத்துப் போயிட்டான். விடியக்காலம் போயிட்டு இப்பத்தான் வந்தோம்ணேன்னான். அவன் அம்மை சர்டிபிகேட்ட வாங்கி முந்தானையில தொடச்சி, மாதா படத்துக்கிட்ட வச்சா. காப்பி குடுத்தா. "நீங்க எம்புட்டோ பாடுபட்டியண்ணே, அவன் விதி"ன்னா. அவ உள்ள போனப்பொறவுதான் அவன் கேட்டான்.

"அண்ணே, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளுலே."

"அன்னைக்கு நீங்க மூஞ்சியத் திருப்புனியல்லா, வலப்பக்கமா. அதுக்கு என்னண்ணே அர்த்தம்?"

நான் காப்பி டம்ளரக் கீழ வச்சேன்.

"பன்னெண்டும் எனக்கு அப்படியே ஞாபகம் இருக்குண்ணே. வள்ளத்துல போகையில சொல்லிச் சொல்லிப் பாக்கேன். இது மட்டும் அதுல இல்ல. நீங்க சொல்லிக் குடுத்து நாந்தான் மறந்துட்டேனோன்னு இருக்கு. அது மட்டும் தெரிஞ்சிருந்தா தடுத்திருப்பேம்லா."

மூணு மாசமா அந்தப் பிள்ள கடலுக்கு நடுவுல இருந்து இத யோசிச்சிருக்கு தம்பி. நான் பயந்துட்டேம்லேன்னு சொல்லிருக்கலாம். ரெண்டு வார்த்த. இருபத்தாறு வருசம் கோட்டோரத்துல நின்னு கத்துன தொண்ட, ரெண்டு வார்த்த வரல. என்ன சொன்னேன்னா, "உனக்கு என்ன தோணுதோ அதச் செய்யின்னு அர்த்தம்லே"ன்னேன்.

அவன் நண்ட வாளியில போட்டான். வலைய இன்னும் கொஞ்சம் இழுத்தான். "அப்படியாண்ணே"ன்னான். கோவமாச் சொல்லல, அவனுக்குக் கோவப்படத் தெரியாது. பாடத்துல விட்டுப்போனத வாத்தியார்ட்ட சொல்லுத மாதிரிதான் சொன்னான்.

"அதுக்கும் ஒரு பாட்டில் வச்சிருக்கலாம்ணே."

வச்சிருக்கலாம். உவரியில பஸ் ஏறுனதுல இருந்து அதத்தான் நெனச்சுக்கிட்டு வாரேன். ஆறு வச்ச எடத்துல ஏழு வச்சிருந்தா ஒரு ரெஃப்ரியும் கேட்டிருக்க மாட்டான். எனக்குத் தோணல. கூடையில எடம் இருந்துச்சு தம்பி.